செலவுப் பட்டியல்

“கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி, சீனியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்” என்று நான் அவரிடம் சொன்னபோது காலை பதினொன்றேகால். கோர்ட்டு வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். மாலை நாலரைக்குக் கட்டுகளை இடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது அவர் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தூணில் சாய்ந்துகொண்டுகூட இல்லை. நிற்கச் சொன்னேன், நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தில் துளி கோபம் இல்லாமல், “சீனியரு என்ன தாயி சொன்னாக?” என்று கேட்டார்.

சீனியரிடம் நான் கேட்கவே இல்லை. பாதி வழியில் யாரோ கூப்பிட்டார்கள், போனேன், மறந்துவிட்டேன். அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அவருடைய வழக்கை எடுத்தார்கள். டவாலி அவர் பெயரை மூன்று தடவை கூவினார். எழுந்து நின்று, “மனுதாரர் ஆஜரில்லை அம்மா” என்றேன். கறுப்புக் கோட்டு போட்ட பிறகு ஒரு நீதிபதி முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம் அது. எம்புட்டு அழகாகச் சொன்னேன் என்று அன்று முழுக்க என்னையே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

கூவியது கேட்கவில்லையா என்று தூணருகே அவரிடம் கேட்டேன். கேட்டதாம். “நீங்க நிக்கச் சொல்லியிருந்தீகளே” என்றார்.

இத்தனைக்கும் நான் அவருடைய வக்கீல் இல்லை. அவருடைய மனைவிக்கு வக்கீலான என் சீனியரிடம் ஜூனியர். அதாவது எதிர்த்தரப்பு. அவருக்கு வக்கீலே கிடையாது, தானே வாதாடினார். சட்டத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் நேராக என்னிடம் வந்து கேட்பார். எதிராளியிடம் போய் யாராவது சந்தேகம் கேட்பார்களா என்று ஒருமுறை சொன்னேன். “நீங்கதான அதப் படிச்சிருக்கீக?” என்றார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் எதுவும் இருக்காது. பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டியும் செல்போனும் கொண்டுபோகக் கூடாது என்பதால் பையைக் காலியாக வைத்து வைத்து, வெளியிலும் அப்படியே பழகிவிட்டது. மனைவி எம். புதுப்பட்டியில் தன் அம்மா வீட்டில் இருந்தார், சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை. மூன்றாவது படிக்கிற மகள் அம்மாவோடு இருந்தாள். பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவர் போட்ட மனுவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘என் மகளை வாரம் ஒரு நாள் பக்கத்தில் பார்க்க வேண்டும்.’ கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. “பக்கத்துலன்னா எத்தனை அடிம்மா?” என்று சீனியர் கேட்க, நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு எதிருரை எழுதியது நான். வீரம் கொப்பளிக்க நாலு பக்கம் எழுதினேன். ‘இரண்டு ஆண்டுகளாக எதிர்மனுதாரரின் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காத இந்தத் தகப்பனுக்கு மகள் மீது என்ன பாசம் இருக்க முடியும்?’ என்று ஒரு வரி. அது எனக்கே மிகவும் பிடித்துப்போய் அடிக்கோடு வேறு போட்டேன். தூணருகே அன்று அவர் கொண்டுவந்தது அந்தப் பக்கத்தைத்தான். அடிக்கோட்டில் விரலை வைத்து, இதை எழுதியது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன், சண்டைக்குத் தயாராக. “உள்ளத உள்ளபடி எழுதியிருக்கீக தாயி. மிதிக்கல. ஒரு தடவகூட மிதிக்கல” என்றார், பரிசு வாங்கிய பிள்ளையைப் போல. கேலி செய்கிறாரா, கிறுக்கா என்று புரியாமல்தான் சீனியரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவினேன்.

அவரைப் பற்றி எனக்குச் சொன்னது, மனைவிக்குத் துணையாகக் கோர்ட்டுக்கு வரும் பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்காவுக்கு அவர் கம்பெனியிலேயே வேலை. எதிர்த்தரப்பு போர்மேனைப் பற்றிக் குற்றம் சொல்வார் என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். கிடைத்தது வேறு. மருந்து அடைக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருப்பார்கள். ஒருநாள் முதலாளி யாரையோ கூட்டிக்கொண்டு பேச்சு மும்முரத்தில் உள்ளே வந்துவிட்டார். உள்ளே போர்மேனும் மூன்று பெண்களும். முதலாளியை வெளியே போகச் சொல்ல முடியாது. அதனால் போர்மேன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், அவர்கள் பேசி முடிக்கிறவரை வெயிலில் நின்றாராம். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த நாளிலிருந்து அவரும் வாசலில் நின்று தலையை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

“அவுக கிறுக்குதான் வக்கீலம்மா. ஆனா எங்க கையில பத்து விரலும் இருக்குன்னா அந்தக் கிறுக்குனாலதான்” என்று சொல்லி அந்த அக்கா டீக்கிளாஸை வைத்தார். எதிருரையில் சேர்க்க முடியாத விஷயம், ஆகவே நான் குறித்துக்கொள்ளவில்லை.

மனைவியும் அவரைப் பற்றிச் சொல்லும்போது அழ ஆரம்பித்துச் சிரிப்பில் போய் முடிப்பார். ஒருநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில், மகளுக்கு இரட்டைச் சடை போடுங்கள், ரெண்டும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், பட்டாசுத் திரி அளக்கும் குச்சியை வைத்துச் சடையை அளந்துகொண்டிருக்கிறார் மனிதர். பிரித்துப் பின்னி, பிரித்துப் பின்னி, பள்ளிக்கூட மணி அடித்தே விட்டது. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

“அவுகளுக்கு ஒண்ணு சொல்லணும்னா முழுசாச் சொல்லணும். பாதி சொன்னா பாதிதான் நடக்கும்” என்றார் அந்த அம்மா.

பிரிந்ததற்குக் காரணம் அந்த அம்மாவின் தம்பி கல்யாணம். தீபாவளிக்கு முந்தைய சீசன். முகூர்த்தத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னவர் வரவில்லை. லோடு ஏற்றவேண்டிய லாரி வழியில் நின்றுவிட்டது, சரக்கு அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்காமல் போர்மேன் கிளம்பக் கூடாது. மறுநாள் பட்டு வேட்டியோடு வந்து நின்றார். கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு முன்னால் அந்த அம்மாவுக்கு அவமானம் பொங்கிவிட்டது. கோபத்தில் ஏதேதோ சொன்னேன் என்றார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வழக்கு ஒரே வாய்தாவில் முடிந்திருக்கும்.

தூணருகே அவர் நின்ற அந்த வாய்தா, அவர் தவறவிட்ட இரண்டாவது வாய்தா. முதல் தடவை டவாலி இனிஷியலைத் தப்பாகப் படித்துவிட்டார். அது வேறு ஆள் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். ஆகவே மூன்றாவது வாய்தாவில் நீதிபதி அம்மா அவரைக் கடுமையாகவே கேட்டார்.

“ரெண்டு தடவை ஏன் வரலை?”

“வந்தேங்கம்மா.”

“வந்தா ஏன் உள்ளே வரலை?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதாங்க” என்றார். நானும் எழுந்து உண்மையைச் சொல்லவில்லை. கையிலிருந்த கட்டின் நாடாவை இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிருரையில் நான் எழுதிய வரியையும் நீதிபதி அம்மா வாசித்து, வாசற்படியைக்கூட மிதிக்கவில்லையாமே என்று கேட்டார். “ஆமாங்கம்மா, மிதிக்கல” என்று நிமிர்ந்து சொன்னார். அவ்வளவுதான், அறை முழுவதும் உச்சுக் கொட்டியது. உத்தரவு இப்படி வந்தது: மனுதாரர் வராததால் எதிர்மனுதாரர் வேலையை விட்டு இரண்டு தடவை வீணாக வந்து போயிருக்கிறார். அவர் செலவுப் பட்டியல் தாக்கல் செய்யட்டும். அதன்படி மனுதாரர் அடுத்த வாய்தாவுக்குள் செலவு கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் மகளைப் பார்க்கும் மனு தள்ளுபடி.

வழக்கில் இப்படி ஒரு தரப்பு மறுதரப்புக்குச் செலவுத்தொகை கொடுப்பது சாதாரணமான விஷயம். பஸ் கட்டணம், அன்றைய கூலி, வக்கீலுக்குக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். சீனியர் மதுரைக்குப் போயிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, “அக்கா, செலவுப் பட்டியல் எழுதிக் கொண்டாங்க. அண்ணாச்சி குடுக்கணும்னு கோர்ட்டு சொல்லிருச்சு” என்றேன். “அவுகளா? குடுக்கணும்னா சொல்லிட்டாக?” என்று கேட்டார். ஆமாம், எதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் மடித்த தாளைக் கொடுத்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். வரிசையாக எழுத்தும் எண்ணும் இருந்தது தெரிந்தது. சாப்பாட்டு நேரம், இன்னும் நாலு கட்டு தாக்கல் செய்யக் கிடந்தது. படிக்காமலே இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டு, இன்னொன்றை அண்ணாச்சியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் அதை வரி வரியாகப் படித்தார். “இம்புட்டும் குடுக்கணுமா தாயி?” என்றார். ஒன்று விடாமல் என்றேன். “அடுத்த வாய்தாவுக்குள்ளயா?” ஆமாம் என்றேன். தாளை நாலாக மடித்து, எப்போதும் காலியாக இருக்கும் அந்தச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாய்தா நாளில் நீதிபதி அம்மா பட்டியலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சத்தமாகவே வாசித்தார்.

“துவரம்பருப்பு ரெண்டு கிலோ. போன தடவை வாங்கின கடை வேண்டாம். உளுந்து ஒரு கிலோ. மிளகாய் வத்தல் அரைக் கிலோ. குண்டு இல்லை, நீட்டு. தேங்காய் ரெண்டு, ஆட்டிப் பார்த்து. முருங்கைக்காய் நாலு. ஒரு முழம் இருந்தால் போதும், அளக்க வேண்டாம்.” இங்கே ஒரு முறை நிறுத்தி, எங்கள் எல்லாரையும் பார்த்தார். “காராச்சேவு கால் கிலோ. பாப்பாவுக்கு. காரம் கம்மியாக.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் செலவு என்றால் முதலில் பலசரக்குதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை வாரச் செலவு வாங்கப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் அம்மாவே மளிகை டப்பாவைச் செலவு டப்பா என்றுதான் சொல்வாள். ஐந்து வருடம் சட்டம் படித்ததில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த அம்மா மறக்கவில்லை.

“என்னம்மா இது?” என்று நீதிபதி அம்மா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் போர்மேன் எழுந்துவிட்டார்.

“எல்லாம் வாங்கியாச்சுங்கம்மா. விருதுநகர் பஜார்ல வாங்குனது. வராந்தாவுல இருக்கு. முருங்கைக்காய அளக்கல.”

டவாலி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், ஒரு சாக்கும் இரண்டு பையும் தூணருகே இருக்கிறது, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அறையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ‘அமைதி காக்கவும்’ என்று எழுதிய பலகைக்கு அடியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். நீதிபதி அம்மாவின் தோள்கூடக் குலுங்கியது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், பட்டியலை எழுதியவரும் வாங்கியவரும். என்னையும் சேர்த்தால் மூன்று.

சிரிப்பு அடங்கியதும் நீதிபதி அம்மா மனைவியைக் கேட்டார். செலவுத்தொகை என்றால் பணம், இதை அதற்குப் பதிலாக ஏற்றுக்கொள்கிறீர்களா? அந்த அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இம்புட்டையும் நான் எப்படித் தூக்கிக்கொண்டு போவேன், வீட்டில் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள் என்றார்.

“சரி, வீட்டுக்குள்ளே வச்சுட்டு வந்துருங்க” என்றார் நீதிபதி அம்மா.

அவர் முதல்முறையாகத் தயங்கினார். “அதுமட்டும் முடியாதுங்கம்மா.”

“ஏன்?”

“வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. மச்சினன் கல்யாணத்துக்கு மறுநா.”

நீதிபதி அம்மா மெதுவாகக் கட்டைப் புரட்டி என் எதிருரையை எடுத்தார். அந்த அடிக்கோடு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அப்படியானால் இரண்டு வருடமாக மகளைப் பார்க்கவே இல்லையா என்று கேட்டார். பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் கரண்டுக் கம்பத்தடியில் நிற்பாராம். மகள் சன்னலில் வந்து நோட்டைத் தூக்கிக் காட்டுவாளாம். “அங்கருந்து பாத்தா எழுத்து தெரியாது. பக்கத்துல பாத்தா எத்தன மார்க்குன்னு தெரியும், அதுக்குத்தான் மனு” என்றார்.

“நிக்கிறது எனக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல். “வீம்புல நிக்கிறாகன்னு நெனச்சேன். ஒருநாளும் சன்னலச் சாத்துனதில்ல.”

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவரைத் தூணருகே நிற்கச் சொன்னது நான், மறந்தது நான், ஆஜரில்லை என்று சொன்னதும் நான், இந்தப் பட்டியலைப் படிக்காமல் தாக்கல் செய்ததும் நான்தான். மூக்கு ஒழுகியது. நீதிபதி அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். செலவை நீங்களே கூடப் போய் ஒப்படைத்துவிட்டு மெமோ தாக்கல் செய்யுங்கள், அதைப் பார்த்துவிட்டு மனுவை எடுக்கிறேன் என்றார். தண்டனையா சலுகையா என்று தெரியவில்லை, சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

லோடு ஆட்டோவில் போனோம். மனைவி முன்னால், அவரும் நானும் பின்னால் சாக்கோடு. தேங்காய் உருளாமல் இருக்க அவர் காலால் அணைத்துக்கொண்டு வந்தார். எம். புதுப்பட்டி போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாசலில் நின்ற மகள் ஆட்டோவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வீட்டுக்குள் ஓடி, வழக்கம்போலச் சன்னலில் வந்து நின்றாள். இன்றைக்குச் சன்னல் வேண்டாம் என்று அவளுக்கு யார் சொல்வது?

அவர் வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, உடம்பை வளைத்து, ஒவ்வொன்றாக எட்டி உள்ளே வைத்தார். மனைவி பட்டியலை வாசிக்க, மகள் சன்னலை விட்டு வந்து ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் டிக் போட்டாள். கடைசி வரியான காராச்சேவுக்கு இரண்டு டிக். பிறகு அந்த அம்மா சாமான்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உப்பு எங்க?”

“பட்டியல்ல இல்ல.”

அவர் சொன்னது நிஜம். பட்டியல் எழுதியவர் உப்பை மறந்திருந்தார். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாக, எதையும் விட்டுவிடாமல் சொன்னார்.

“கடைக்குப் போயி ஒரு பாக்கெட்டு உப்பு வாங்குங்க. வாங்கிட்டு இங்கன திரும்பி வாங்க. வந்து தெருவுல நிக்காதீக. வாசப்படிய மிதிக்காதீகன்னு நான் சொன்னது சொன்னதுதான். அதனால தாண்டி வாங்க. கை காலக் கழுவிட்டு உக்காந்து சாப்பிடுங்க. அவ நோட்டப் பூராவும் பாருங்க. எந்திரிச்சுப் போங்கன்னு நான் சொல்றவரைக்கும் எந்திரிக்காதீக. முழுசாச் சொல்லிட்டேன்.”

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போனார், உப்போடு வந்தார். வாசற்படிக்கு முன்னால் நின்று அதன் அகலத்தைக் கண்ணால் அளந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டுகிறவரைப் போல வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். இடது காலும் படியில் படாமல் வந்து சேர்ந்தது. மகள் கைதட்டிவிட்டு, தானும் அப்படியே வெளியே ஒரு தாண்டு, உள்ளே ஒரு தாண்டு தாண்டினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ செலவுத்தொகை வழக்குகள் நடத்திவிட்டேன், பெரிய பெரிய தொகையெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யாரையும் கொஞ்சம் நில்லுங்கள் என்று மட்டும் சொல்வதில்லை. ஆனால் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது மறுநாள் தாக்கல் செய்த அந்த மெமோதான். அதைக் கையாலேயே எழுதினேன்: ‘பட்டியலில் கண்ட செலவு முழுவதும் எதிர்மனுதாரரின் வீட்டுக்குள் ஒப்படைக்கப்பட்டது. உப்பு கூடுதல். மனுதாரர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போகச் சொல்லி இதுவரை யாரும் சொல்லவில்லை. வாசற்படி மிதிக்கப்படவில்லை.’